கம்பளம் விரிக்காத வீடு

கிரீஸில் எங்கள் ஊரான த்ரிகலாவில் இலையுதிர்காலம் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள மரங்களைப் பார்க்க வேண்டியதில்லை, பால்கனிகளைப் பார்த்தால் போதும். அக்டோபர் பாதி கழிந்ததும் ஒவ்வொரு பால்கனிக் கம்பியிலும் ஒரு கம்பளம் தொங்கும். பின்னால் ஒரு பெண் நின்று, யார் மேலோ உள்ள கோபத்தையெல்லாம் சேர்த்து அதை அடித்துக்கொண்டிருப்பாள். தெருவெல்லாம் அந்துருண்டை வாடை அடிக்கும். மே மாதம் சுருட்டி அலமாரி மேலும் கட்டிலுக்கு அடியிலும் தள்ளிய கம்பளி, ஜமுக்காளம், தடித்த திரைச்சீலை, சோபா விரிப்பு எல்லாம் வெளியே வரும். மாதக் கடைசியில் வரும் புனித திமித்ரியோஸ் திருநாளுக்குள் வீட்டை விரித்து முடித்துவிட வேண்டும். அந்த நாட்களில் கடையிலும் கோயில் வாசலிலும் பெண்கள் நலம் விசாரிப்பதில்லை. "விரிச்சாச்சா?" என்றுதான் கேட்பார்கள். இன்னும் இல்லை என்பவளுக்கு உடம்பு சரியில்லாமல் இருக்க வேண்டும், அல்லது அவள் சோம்பேறியாக இருக்க வேண்டும். எது என்பதைக் கேட்டவளே முடிவு செய்துகொள்வாள்.

அக்லயாவிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்பே அவள் வீடு விரிந்திருக்கும். ஆற்றோரத்து அடுக்குமாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடி அவளுடையது. வந்து பாருங்கள் என்று அவள் யாரையும் அழைக்க மாட்டாள், அது கௌரவக் குறைச்சல். வேலை முடிந்த அன்று வாசல் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு, படிக்கட்டைத் துடைக்கிற சாக்கில் வெளியே நிற்பாள். அவ்வளவுதான். நாலாம் மாடிக்குப் போகிறவர்களும் இரண்டாம் மாடியில் லிஃப்டை நிறுத்தி இறங்கிவிடுவார்கள். நடையில் நீளமாக ஒரு சிவப்பு ஜமுக்காளம். கூடத்தில் வெள்ளை ஃப்ளொக்காத்தி, காலை வைத்தால் கணுக்கால் வரை முடி வந்து மூடுகிற கம்பளி அது. சோபாவில் செங்கல் நிறத்தில் ஒரு விரிப்பும், அதன் மேல் பழுத்த சீமைமாதுளையின் மஞ்சள் நிறத்தில் வெல்வெட் திண்டுகளும் இருக்கும். சன்னலில் தரை தொடும் திரைச்சீலை. வெளியே மூடுபனி எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் உள்ளே வந்தவர்களுக்குச் செருப்பைக் கழற்றத் தோன்றுமே தவிர, கிளம்பத் தோன்றாது.

இந்தப் பைத்தியம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்றால், தரையிலிருந்து வந்தது. பருத்தி விளையும் சமவெளியில் பிறந்தவள். அப்பா வீட்டில் சிமெண்டுத் தரையில் பருத்திச் சாக்கை விரித்துப் படுத்தார்கள். கல்யாணமாகி டவுனுக்கு வந்தவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது, அதுவும் தரை துடைக்கிற வேலைதான். ஓய்வு பெறும் வரை ஊர்ப் பிள்ளைகளின் சேற்றுக் காலடிகளைக் குனிந்து குனிந்து துடைத்தவள், வீட்டுக்கு வந்தால் தரை என்ற ஒன்று கண்ணிலேயே படக் கூடாது என்று இருந்தாள். கையில் கொஞ்சம் சேர்ந்தால் மற்றவர்கள் வளையல் வாங்குவார்கள். இவள் கம்பளம் வாங்குவாள்.

கணவர் ஸ்டெர்யோஸ் பஸ் டிரைவர். மலையில் பிறந்தவர், மலைப் பாதையிலேயே வண்டி ஓட்டியவர். அவர் ஊர்ப்பக்கத்தில் அருவி நீர் சுழன்று விழுகிற பெரிய மரத்தொட்டிகள் உண்டு. கம்பளியை அதில் போட்டால் நீரே அடித்துத் துவைத்துக் கொடுத்துவிடும். கோடை முடிகிறபோது அக்லயாவின் கம்பளிகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய்த் துவைத்து எடுத்து வருவது அவர் தலையில் விழும். ஈரக் கம்பளி கல் மாதிரி கனக்கும். இரண்டு மாடி தூக்கி வந்து நடையில் போட்டுவிட்டு, அவளையும் அவள் பிறந்த சமவெளியையும் சேர்த்து வைவார். விரித்து முடித்த வீட்டைப் பார்த்து ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. அவளுக்கு அது ஒரு குறைதான். ஊரே மெச்சினாலும் வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராவிட்டால் மனம் நிறையுமா?

அவருக்கு ஞாபகம் கழன்றுபோக ஆரம்பித்தது ஓய்வு பெற்ற பிறகு. முதலில் பெயர்கள் போயின. பிறகு, கடைக்குப் போனால் வீட்டுக்குத் திரும்புகிற தெரு போயிற்று. அக்லயா அவரைத் தனியாக அனுப்புவதை நிறுத்தினாள். மகள் ஸ்மாரோ தெசலோனிக்கி நகரத்தில் வேலை பார்க்கிறாள், தினமும் போன் பண்ணுவாள், முடிந்தபோது வருவாள். மற்றபடி எல்லாம் அக்லயாவேதான். குளிப்பாட்டுவது, சவரம் செய்துவிடுவது, கேட்டதையே கேட்டால் சொன்னதையே சொல்வது. அதற்கெல்லாம் அவள் அசரவில்லை.

கோடை முடிவில் குளியலறை வாசலில் கிடந்த துண்டு விரிப்பில் கால் தட்டி அவர் விழுந்தார். மணிக்கட்டில் விரிசல், நெற்றியில் தையல். கட்டுப் பிரித்த பிறகு நடைப்பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். அவரை நடக்கச் சொல்லிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து அந்தத் துண்டு விரிப்பை இரண்டு விரலால் தூக்கி அக்லயாவின் கையில் கொடுத்தாள். இவர் காலைத் தூக்கி வைப்பதில்லை, இழுத்து வைக்கிறார், கம்பளத்தின் ஓரம் இவருக்கு ஒரு படிக்கட்டு என்றாள். இன்னொரு தடவை விழுந்தால் இடுப்பு முறியும், இந்த வயதில் இந்த நிலையில் இடுப்பு முறிந்தவர்கள் படுக்கையை விட்டு எழுந்திருப்பதில்லை என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். ஓரத்தைத் தரையோடு ஒட்டிவிட்டால் ஆகாதா என்று அக்லயா கேட்டுப் பார்த்தாள். முடியிலேயே கால் மாட்டும் என்று பதில் வந்தது.

"ஒண்ணுகூட வேண்டாம்மா. சின்னதுகூட வேண்டாம்."

அக்லயா சரி என்றாள். உண்மையிலேயே மனதோடுதான் சொன்னாள். புருஷனை விடக் கம்பளமா பெரிது? ஊர் என்ன நினைத்தால் என்ன? அந்த வருடம் கம்பளிகள் சுருட்டிய இடத்திலேயே கிடந்தன. மற்றவர்கள் பால்கனியில் அடிக்கிற சத்தம் கேட்கும்போது வானொலியைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொண்டாள். திருநாளன்று கோயிலுக்குப் போனாள், மெழுகுவர்த்தி ஏற்றினாள். கேட்டவர்களிடம் இந்த வருஷம் விரிக்கவில்லை என்று சாதாரணமாகச் சொன்னாள். கஷ்டம் அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை ஸ்டெர்யோஸ் படுக்கையறையிலிருந்து காலை இழுத்து இழுத்து வந்து கூடத்தின் வாசலில் நின்றார். சன்னலுக்கு வெளியே பனி. உள்ளே வெறும் மொசைக் தரை, கறுப்பும் வெள்ளையுமாகப் பளபளவென்று கிடந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார்.

"யாரு போனது?" என்றார்.

அக்லயாவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் அவர் ஊர் வழக்கம் நினைவுக்கு வந்தது. அவருடைய மலை ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெண்கள் முதல் காரியமாகக் கம்பளங்களைச் சுருட்டுவார்கள். சுவரில் தொங்குவது, கட்டிலில் கிடப்பது, நிறமாக எது இருந்தாலும் எடுத்துவிடுவார்கள். நாற்பது நாள் வீடு வெறுமையாகக் கிடக்கும். செத்தவர் வீட்டுக்கு முக்கியமானவர் என்றால் அந்தக் குளிர்காலம் முழுக்கவே கிடக்கும். குளிர்நாளில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து தரையைப் பார்த்துவிட்டால், யாரும் சொல்லாமலே தொப்பியைக் கழற்றுவார்கள். சொந்த மகளின் பிறந்த நாளை மறந்தவர், சாப்பிட்டதை மறந்தவர், இதை மட்டும் மறக்கவில்லை.

"யாரும் போகல, ஸ்டெர்யோ. காபி ஆறுது, வா," என்றாள்.

"தரை தெரியுதே."

அவள் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். விழுந்தாயே, நெற்றியில் தையல் போட்டார்களே, அந்தப் பெண் வேண்டாம் என்றாளே என்று சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்ட விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஒரு வார்த்தையையும் அவர் நம்பவில்லை. பாவம், எனக்குத் தெரியக் கூடாது என்று இவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பது போல அவளைப் பார்த்துத் தலையாட்டினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"அம்மாவா?"

இங்கேதான் அக்லயா ஒரு தப்புச் செய்தாள். உண்மையைச் சொன்னாள். உன் அம்மா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, நீயே தோள் கொடுத்துத் தூக்கினாய் என்றாள். அவருக்கு அது அந்த நிமிடம்தான் நடந்தது. தாயை இழந்த பிள்ளை எப்படி அழுமோ அப்படி அழுதார். எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை, மண்ணள்ளிப் போடக்கூட என்னைக் கூப்பிடவில்லையே என்று கேட்டுக் கேட்டு அழுதார். மத்தியானத்துக்குள் அம்மா செத்ததை மறந்துவிட்டார். ஆனால் துக்கம் மறக்கவில்லை. யாருக்காக என்பது மட்டும் போய்விட்டது, துக்கம் அப்படியே மிச்சம் இருந்தது. மறுபடியும் தரையைப் பார்த்தார், மறுபடியும் கேட்டார்.

அதன் பிறகு தினமும் இதுதான். தம்பி ஸீஸிஸா என்று கேட்பார். ஊருக்குப் போன் போட்டு ஸீஸிஸின் குரலைக் கேட்க வைப்பாள். ஸீஸிஸ் இந்த வருஷத்து வால்நட் விளைச்சலைப் பற்றிச் சத்தமாகப் பேசுவான். அவர் முகம் தெளியும். போனை வைத்துக் கொஞ்ச நேரத்தில், அப்படியானால் ஸ்மாரோவா என்பார். பெற்ற மகளின் பெயரை அந்த இடத்தில் வைத்துக் கேட்கும்போது அக்லயா சட்டென்று திரும்பிக்கொள்வாள். அவர் வாயிலிருந்து வந்தது பலிக்கக் கூடாதே என்று முந்தானை இல்லாத குறைக்கு ஏப்ரனுக்குள் மூன்று தடவை துப்பிக்கொள்வாள்.

யாருக்கு என்று தெரியாமலே அவர் துக்கத்தை முறையாக அனுசரித்தார். சவரம் செய்ய விடவில்லை, துக்கத்தில் கத்தி படக் கூடாது. டிவியை அணைத்தார். இறைச்சித் தட்டைத் தள்ளி வைத்தார். நினைவுப் பூசைக்குக் கோதுமை வேகவைத்தாயா, யாரையெல்லாம் வரச் சொன்னாய் என்று அக்லயாவை விரட்டினார். ஒரு நாள் எதிர் வீட்டுப் பொலிக்ஸேனி சீமைமாதுளை ஜாம் எடுத்துக்கொண்டு வந்தாள். அவர்கள் கல்யாணத்தில் தலையில் மாலை மாற்றி வைத்தவள் அவள். அந்த உறவில் 'கும்பாரா' என்று கூப்பிட்டுக்கொண்டு கேட்காமலே உள்ளே வந்துவிடுவாள். ஸ்டெர்யோஸ் எழுந்து நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்தியே கும்பாரா. இருக்கிற நாமளாவது நல்லா இருக்கணும்," என்றார். பிறகு அக்லயாவிடம் திரும்பி, "சீனி போடாத காபி குடு. பிராந்தியும் எடுத்து வை," என்றார். ஜாம் பாத்திரத்தை ஒரு துணியால் மூடி ஓரமாக வைத்தார். துக்க வீட்டில் இனிப்பு ஆகாது.

பொலிக்ஸேனி கசப்புக் காபியை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுச் சமையலறைக்கு ஓடிவந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிராந்தி நன்றாகத்தான் இருக்கிறது, தினமும் வந்து துக்கம் கேட்கிறேன் என்றாள். அக்லயாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

யோசனை சொன்னதும் பொலிக்ஸேனிதான்.

"தரையிலதானடி விரிக்கக் கூடாது? சுவரும் சோபாவும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அக்லயாவுக்கு உயிர் வந்தது. அன்றைக்கே அவர் தூங்குகிற நேரம் பார்த்து இருவரும் வேலையில் இறங்கினார்கள். சோபாவில் செங்கல் நிற விரிப்பை இழுத்துக் கட்டினார்கள். நாற்காலி ஒவ்வொன்றுக்கும் ஒரு திண்டு. மேசை மேல் பின்னல் விரிப்பு. திரைச்சீலைகளை மாட்டி, அவற்றின் கொசுவத்தை அக்லயா ஒவ்வொன்றாக விரலால் நீவிவிட்டாள். நடையில் கிடக்க வேண்டிய சிவப்பு ஜமுக்காளத்தை எதிர்ச் சுவரில் தொங்கவிட்டார்கள். அவர் உட்காரும் நாற்காலியின் முதுகில் ஃப்ளொக்காத்தியின் சின்னத் துண்டு ஒன்றைப் போர்த்தினார்கள். ஆணி அடித்துக்கொண்டே பொலிக்ஸேனி, தரை மட்டும் மொட்டைத் தலையாக இருக்கிறது, மற்றதெல்லாம் கல்யாணப் பெண் என்றாள். அக்லயா ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் சந்தோஷமாக இருந்து எவ்வளவு காலம் ஆயிற்று! அந்த வருடத்தில் முதல் தடவையாகத் தன் வீடு தன் வீடு மாதிரி இருந்தது அவளுக்கு.

ஸ்டெர்யோஸ் எழுந்து வந்தார். வாசலிலேயே நின்றார். அவர் சோபாவைத் தடவிப் பார்த்தார், திண்டை அமுக்கினார், நாற்காலியில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தார். "நல்லா சூடா இருக்கு," என்றார். அவள் கொண்டுவந்த சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தார். அக்லயா கிண்ணத்தைக் கழுவப் போனவள் வேண்டுமென்றே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள், அவர் அப்படியே இருக்கட்டும் என்று.

திரும்பி வந்தபோது அவர் சுவரில் தொங்கும் ஜமுக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் செஞ்சிருக்க," என்றார் தாழ்ந்த குரலில். "பொணத்தை எடுத்த பிறகு எல்லாத்தையும் கழுவிக் காயப் போடணும். எங்க ஊர்லயும் இப்படித்தான், காயுற வரைக்கும் தொங்கும்."

அக்லயாவின் பொறுமை அங்கே அறுந்தது. இத்தனை வருடத்தில் கத்தாத கத்து கத்தினாள். யாரும் சாகவில்லை, சாகவில்லை, நீதான் என்னைத் தினமும் உயிரோடு கொல்கிறாய் என்றாள். அவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தார், அடிக்குப் பயந்த குழந்தை போல. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. அவர் காலடியில் உட்கார்ந்து கையை எடுத்துவிட்டாள். கையை எடுத்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை, இரக்கம்தான் இருந்தது. துக்கம் உன்னைப் பேச வைக்கிறது, எனக்குப் புரிகிறது என்றார்.

அந்த வாரம் ஒரு நாள் அக்லயா மனம் விட்டுப்போய், நடக்கிறது நடக்கட்டும் என்று கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய ஃப்ளொக்காத்தியை இழுத்து வந்து கூடத்தில் விரித்தாள். அவர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். விரித்த கம்பளியின் முன்னால் நின்றவளுக்கு ஒன்று தோன்றியது. அவருடைய செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். அவரைப் போலவே முதுகைக் கொஞ்சம் வளைத்து, பாதத்தைத் தூக்காமல், இழுத்து இழுத்து நடந்து பார்த்தாள். ஓரத்தைத் தாண்டிவிட்டாள். நடுவே வந்ததும் செருப்பின் முனை முடிக்குள் புதைந்தது. உடம்பு முன்னால் போய்விட்டது, கால் வரவில்லை. மேசையை எட்டிப் பிடித்ததால் பிழைத்தாள். அங்கேயே உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே கம்பளியைச் சுருட்டினாள். ஆசை ஆசையாகச் சேர்த்த பொருள், பல்லை இளித்துக்கொண்டு அவருக்காகக் காத்திருப்பது போல இருந்தது. விரித்தால் அவர் விழுவார். விரிக்காவிட்டால் அழுவார். இரண்டுக்கும் நடுவே அவள் நிற்க ஒரு சாண் இடம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்மாரோ வந்தாள். அப்பா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, நீ இல்லை, அப்பாடா, நீ இல்லை என்று நெற்றியில் முத்தம் கொடுத்தார். அவளுக்கு அது தாங்கவில்லை. அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். உண்மை இவ்வளவு நாளாக என்ன பலன் தந்தது, ஒரு பொய் சொல்லிவிடுவோம், யாரோ தூரத்து ஆள் செத்ததாகச் சொன்னால் மனம் ஒரு வழிக்கு வரும் என்றாள். உயிரோடு இருப்பவர் பெயரைச் சொல்ல அக்லயா ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் எப்போதோ இறந்துபோன ஒரு சக டிரைவரின் பெயரைச் சொல்வது என்று முடிவாயிற்று. ஸ்மாரோவே போய்ச் சொன்னாள்.

அவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். நல்ல மனுஷன், பிரேக்கை மிதிக்கவே தெரியாது அவனுக்கு என்றார். இருவரும் பெருமூச்சு விட்டார்கள். பிறகு அவர் குனிந்து தரையைப் பார்த்தார்.

"ஒரு டிரைவர் செத்தா நம்ம வீட்டுக் கம்பளத்தை எதுக்கு எடுக்கணும்? இது நம்ம வீட்டுச் சாவு. நீங்க ரெண்டு பேரும் எங்கிட்ட மறைக்கிறீங்க."

புத்தி போய்விட்டது என்று டாக்டர் சொன்ன மனிதரிடம் ஸ்மாரோவின் படிப்பெல்லாம் தோற்று நின்றது. சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டாள். லிஃப்ட் கதவு மூடிய பிறகு அவள் அழுவது மாடி வரை கேட்டது.

நவம்பர் பனி ஆற்றை மூடிய ஒரு மத்தியானம் அது. அக்லயா பள்ளிக்கூடத்தில் போட்ட பழைய வேலைக் கோட்டை மாட்டிக்கொண்டு கூடத்துத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெறும் தரை என்றால் தினமும் துடைக்க வேண்டும், வேறு வழியில்லை. ஸ்டெர்யோஸ் சோபாவில் தாடியும் மீசையுமாக உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இப்படிக் கொஞ்சம் வாங்க," என்றார்.

அவள் நிமிர்ந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

"நீங்க ரொம்ப நாளா இங்க வேலைக்கு வர்றீங்க, பார்த்துட்டுத்தான் இருக்கேன். சுத்தமாத் துடைக்கிறீங்க. உங்களுக்குத் தெரியாம இருக்காது. எங்கிட்ட யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்களாவது சொல்லுங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அக்லயாதானே?"

தரை துடைக்கும் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் அவர் முன்னால் போய் நின்றாள். முகத்தை அவர் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனாள்.

"நான்தான் அக்லயா. என்னைப் பாரு, ஸ்டெர்யோ. நான் இங்கதான் இருக்கேன்."

அவர் பார்த்தார். மரியாதைக்காக நன்றாகவே பார்த்தார். பிறகு அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"உங்களுக்கு நல்ல மனசு. ஆனா அவளை எனக்குத் தெரியாதா? அவ உயிரோட இருந்தா இந்த வீட்டை இப்படி விடுவாளா? ஜன்னி கண்டு கெடந்தப்பகூட எழுந்து விரிச்சவ அவ. நான் மலையிலேருந்து வண்டிய எறக்கிட்டு வரும்போது பாலத்துலேருந்தே எங்க வீட்டு ஜன்னல் தெரியும். அக்டோபர்ல அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால வெளிச்சம் சிவப்பாத் தெரியும் பாருங்க, அதப் பார்த்தா அதுவரைக்கும் ஸ்டியரிங்கப் புடிச்சு வெறச்சிருந்த கை தன்னால எளகிடும். ஊருல எத்தனை ஜன்னல் இருக்கு? எங்க ஜன்னல் மாதிரி ஒண்ணு கிடையாது. அவகிட்ட நான் இதச் சொன்னதே இல்ல."

நாற்பது வருடமாக அக்லயா காத்திருந்த வார்த்தை அது. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை, தரை துடைக்க வந்த யாரோ ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சொல்லிடுங்கம்மா," என்றார் அவர். "யாருக்குன்னு தெரியாம அழறது ரொம்பக் கஷ்டமா இருக்கு. இனி என்னால முடியல."

சன்னலைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். யாராவது வந்து இந்த நிமிடத்தைத் தன் கையிலிருந்து வாங்கிக்கொள்ள மாட்டார்களா என்று இருந்தது. யாரும் வரவில்லை. உயிரோடு இருப்பவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று மகளிடம் பிடிவாதம் பிடித்தவள் அவள். இந்தப் பெயர் தன்னுடையதுதானே, இதைச் சொல்ல யாரிடம் கேட்க வேண்டும்?

"ஆமா," என்றாள். "அக்லயாதான்."

அவருக்குள்ளிருந்து ஒரு மூச்சு வந்தது. பல வாரமாக உள்ளேயே நின்றிருந்த மூச்சு.

"கஷ்டப்பட்டாளா?"

"இல்ல."

"நான் பக்கத்துல இருந்தேனா?"

"இருந்தீங்க. கையப் புடிச்சுக்கிட்டு இருந்தீங்க."

அவர் தலையை ஆட்டினார். பிறகு அழுதார். இத்தனை நாள் அழுத மாதிரி மிரண்டுபோய் அழவில்லை. இறந்தது யார், இழந்தது என்ன என்று தெரிந்தவர் அழுகிற அழுகை அது. அக்லயா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கும் அடக்க முடியவில்லை. அவள் அழுவதைப் பார்த்து அவர் தன் அழுகையை நிறுத்திக்கொண்டு சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

"நீங்களும் அவகிட்ட ரொம்ப ஒட்டுதலா இருந்தீங்க போல," என்றார்.

அன்றைக்குச் சாப்பிட்டார். படுத்ததும் தூங்கினார். அதன் பிறகு ஒரு நாளும் யார் செத்தது என்று அவர் கேட்கவில்லை. தரையைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார், அவ்வளவுதான். நடையில் நன்றாகவே நடந்தார், விழவில்லை. போனில் கேட்ட ஸ்மாரோவிடம் அப்பா அமைதியாகிவிட்டார் என்று அக்லயா சொன்னாள், எப்படி என்று சொல்லவில்லை. காலையில் அவள் காபி கொண்டுபோனால் அவர் எழுந்து நின்று, "உங்களுக்கு ஏம்மா வீண் சிரமம்," என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.